படத்தில் இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது?

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)

டிராயிங் ஹாலில் ஒரு கோடு போடுவதற்கு முன்பே நம்மைக் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்கேல் என்னப்பா?" என்பதுதான். போட்டோ எடிட்டிங் என்று வந்துவிட்டால் மட்டும் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. படத்தைத் திறந்தவுடனே ஃபில்டர், பளபளப்பு, பின்னணியில் அருவி! நான் ஒன்றரை வருடமாக மாலை நேரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே கற்றுக்கொண்டதில் நம் எல்லோருக்கும் உதவக்கூடியதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

டிஜிட்டல் படம் என்பது ஒரு கிராஃப் தாள் மாதிரி. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்ஸல். ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அவ்வளவுதான் படம். 1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தன் மூன்று மாதக் குழந்தையின் போட்டோவைக் கணினிக்குள் ஏற்றினார். முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்ட டிஜிட்டல் படம் அதுதான். நீளம் 176 பிக்ஸல், அகலம் 176 பிக்ஸல். மொத்தம் முப்பத்தோராயிரம் கட்டம்கூட இல்லை. ஆனாலும் அது ஒரு குழந்தையின் முகம் என்று பார்த்தவுடனே தெரியும்.

அப்படியென்றால் எத்தனை பிக்ஸல் வேண்டும்? அச்சகத்தில் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு "300 டிபிஐ" என்பார்கள். ஏன் 300? இதற்கு நம் முதலாண்டுக் கணக்கே போதும். நல்ல கண்ணால் ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு கோணம் வரைக்கும்தான் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியும். புத்தகத்தை 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் படிக்கிறோம். அந்தத் தூரத்தில் இந்தக் கோணம் சுமார் 0.087 மி.மீ. ஒரு அங்குலத்தை அதால் வகுத்தால் சுமார் 290 வருகிறது. அதைத்தான் 300 என்று முழுதாக்கிச் சொல்கிறார்கள். 3 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 29 போதும். 4000 பிக்ஸல் அகலமுள்ள செல்போன் படத்தை 10 அடி பேனரில் போட்டால் அங்குலத்துக்கு 33 பிக்ஸல் வரும். தாராளம்! பேனருக்கும் 300 வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் கம்ப்யூட்டரைத் திணற வைப்பதுதான் மிச்சம்.

இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று போன வருடம் ஒரு வேலையில் தெரிந்தது. எங்கள் தெருவில் ஒரு தாத்தா இறந்துபோனார். பதினாறாம் நாள் படத்திறப்பு. அவர் தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லை. ஒரு கல்யாண குரூப் போட்டோவில் மட்டும், இரண்டாவது வரிசையில் நிற்கிறார். தபால் அட்டை அளவுப் படம்; அதில் அவர் முகம் அரை அங்குலம். பேரன் அதைச் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். டியூப்லைட் வெளிச்சம் நடுவில் பட்டையாக அடிக்கிறது. முகத்தின் உயரம் 90 பிக்ஸல். அவர்களுக்கு வேண்டியதோ 12க்கு 18 அங்குல ஃபிரேம். முகம் ஆறு அங்குலம் வந்தால் அங்குலத்துக்கு 15 பிக்ஸல்தான். இரண்டு மீட்டரில் நின்று பார்க்கவே 44 வேண்டும். கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

பேரன் சும்மா இருக்கவில்லை. செயற்கை அறிவு ஆப் ஒன்றில் போட்டு முகத்தை 'தெளிவாக்கி' கொண்டுவந்தான். தோல் பளபளக்கிறது, கண்ணில் ஒளி மின்னுகிறது. பாட்டியிடம் காட்டினார்கள். பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யாருப்பா?" என்று கேட்டது. தாத்தாவின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. ஆப் அதை அழித்துவிட்டு முழுப் புருவமாக வரைந்திருந்தது. அந்த ஆப் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அது ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியது. 90 பிக்ஸலில் இல்லாததையெல்லாம் அந்த முகங்களிலிருந்து ஊகித்து நிரப்புகிறது. வந்தது பார்க்க ஒரு நல்ல முகம்தான். ஆனால் அந்த வீட்டுக்காரருடையது அல்ல.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அசல் போட்டோவைக் கொண்டு வாங்க. ஆல்பத்திலிருந்து பிரித்து எடுத்து வந்தார்கள். மென்மையான துணியால் தூசு துடைத்து, கடை ஸ்கேனரில் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். அரை அங்குல முகம் 600 பிக்ஸலாக வந்தது. தழும்பு தெரிந்தது! பழைய காகிதத்தில் இருக்கிற விவரம் எவ்வளவோ அவ்வளவுதான் வரும், ஸ்கேனரை இன்னும் ஏற்றினால் காகிதத்தின் சொரசொரப்புதான் பெரிதாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி மென்பொருள். கடையில் வேறு வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் பழகியது ஜிம்ப். இலவசம். 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிய வேலை அது. நம்மைப் போன்ற மாணவர்கள்தானே என்று எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

முதலில் அசல் லேயரை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலில் மட்டும் கை வையுங்கள். அப்புறம் 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்'. அங்கே ஒரு மலை மாதிரி படம் தெரியும்; அது ஹிஸ்டோகிராம். இடது ஓரம் கருப்பு, வலது ஓரம் வெள்ளை. எந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்ஸல் இருக்கின்றன என்று காட்டுகிறது. வெளுத்துப்போன பழைய படத்தில் மலை நடுவிலேயே குவிந்து கிடக்கும். தாத்தா படத்தில் 60-இல் தொடங்கி 200-இல் முடிந்துவிட்டது. இரண்டு ஓர முக்கோணங்களையும் மலையின் அடிவாரம் வரை நகர்த்தினால் 60 கருப்பாகும், 200 வெள்ளையாகும். ஐந்து நிமிட வேலை. படம் தூங்கி எழுந்த மாதிரி ஆகிவிடும். கலர் படம் மஞ்சளடித்திருந்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு சேனலாக இதையே செய்யுங்கள். 'பிரைட்னஸ்' பட்டையை இழுத்து விளையாடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கீறல்களுக்கு 'ஹீல்' கருவி. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பக்கத்திலுள்ள நல்ல இடத்தைக் கிளிக் செய்து, பிறகு கீறலின் மேல் தடவ வேண்டும். சிறிய பிரஷ், பொறுமை. கீறல் எது, முகத்தின் கோடு எது என்று கருவிக்குத் தெரியாது. அதனால் பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். "அது மடிப்பு, எடுத்துடு. அது அவரோட மச்சம், விடு" என்று பாட்டி சொல்லச் சொல்ல வேலை நடந்தது.

இத்தனைக்குப் பிறகும் முகத்தை ஃபிரேம் முழுக்க ஊதிப் பெரிதாக்கவில்லை. நான்கு அங்குலத்தில் நிறுத்தி, சுற்றிலும் வெளிர் சாம்பல் நிறத்தில் அகலமாக இடம் விட்டேன். கீழே பெயர், தேதிகள். காலி இடம் விட்டால் காசு வீண் என்று எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அதனால்தான் அஞ்சலி பேனரில்கூட இறந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சுற்றிலும் ஒன்றுமில்லை என்றால் கண் நேராக முகத்துக்குத்தான் போகும்.

எழுத்தின் நிறத்துக்கு ஒரு சோதனை உண்டு. டிசைனை முழுதாகக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எழுத்து காணாமல் போனால் நிறத்தை மாற்றுங்கள். வெளிச்சக் கணக்கில் பச்சைக்கு 0.587, சிவப்புக்கு 0.299, நீலத்துக்கு வெறும் 0.114 பங்கு. முழுச் சிவப்பு 76, முழு நீலம் 29. இரண்டுமே இருட்டு, நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து எடுபடாததற்குக் காரணம் இதுதான். மஞ்சள் 226, வெள்ளை 255. வெள்ளையின் மேல் மஞ்சள் எழுத்து போடுகிறவர்களை என்ன சொல்வது!

தமிழ் எழுத்தை யூனிகோடிலேயே அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை வேறு கணினியில் திறந்தால், அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

சேமிக்கும்போது ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்-இல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில்தான் லேயர்கள் பிழைக்கும். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்ஸல் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்குத் தெரியாது என்று தான் நினைக்கும் விவரத்தைத் தூக்கி எறிகிறது. திருத்தித் திருத்தி ஜேபெக்கிலேயே சேமித்தால் இழப்பு கூடிக்கொண்டே போகும். கடைசியில் ஒரே முறை ஜேபெக் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் சுருங்காமல் போய்ச் சேரும்.

பழகிப் பார்க்க விருப்பமுள்ளவர்கள் வீட்டு ஆல்பத்திலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து வாருங்கள். செல்போனில் எடுத்தது வேண்டாம், அசல் படம். கூடவே, அதில் இருப்பவரை நேரில் பார்த்த ஒருவரின் போன் நம்பரும் கையில் இருக்கட்டும். கீறலா மச்சமா என்று கேட்க வேண்டியிருக்கும்.