வட்டுக்கோட்டைச் செமினரி

கலாசாலை என்பது யாது? கட்டடமோ, அரசினர் அளிக்கும் பட்டயமோ, பட்டமோ என்று வினவுவார்க்கு வட்டுக்கோட்டைச் செமினரியின் சரித்திரம் தக்க விடையாகும். ஆதலின் அதனை நம் மாணாக்கர் அறியுமாறு ஈண்டுச் சுருக்கி வரைவோம்.

1816-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்து, பல ஊர்களிற் பாடசாலைகளை ஏற்படுத்தினர். அவற்றிற் கற்றுத் தேறிய பிள்ளைகட்கு உயர்தரக் கல்வி அளித்தற்பொருட்டு, 1823-ஆம் ஆண்டிலே தானியேல் பூவர் ஐயர் தலைமையில் வட்டுக்கோட்டையில் ஒரு வித்தியாசாலை தொடங்கப்பெற்றது. அதனைக் காலேஜ் ஆக்கவே ஸ்தாபகர் விரும்பினர். ஆயினும் இலங்கையை ஆண்ட ஆங்கில அரசாங்கத்தார், அமெரிக்கர்க்கு அதற்குரிய பட்டயம் அளிக்க இசைந்திலர். ஆதலின் செமினரி என்னும் பெயரே நிலைத்தது.

பெயர் சிறிதாயினும் கல்வி பெரிதாயிற்று. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாஸ்திரம் முதலியன அங்கே கற்பிக்கப்பட்டன. மாணாக்கர் அங்கேயே தங்கிப் பயின்றனர். அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் அவர்கட்குச் சூட்டப்பட்டமையின், கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்றாற்போன்ற பெயர்கள் வழங்கலாயின. பூவர் ஐயர்க்குப்பின் தலைமை பூண்ட ஹொய்சிங்டன் ஐயர், சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் அளவிற்குத் தமிழ் நூல்களை ஆராய்ந்தார்.

எனினும், கற்பித்தோர் கருத்தும் கற்றோர் கருத்தும் ஒன்றாயிருந்தில. சபைக்கு ஊழியரையும் உபாத்தியாயரையும் ஆயத்தஞ் செய்தலே ஸ்தாபகரின் முதல் நோக்கம். மாணாக்கரிற் பலரோ ஆங்கிலங் கற்றுச் சர்க்கார் உத்தியோகம் பெறுதலை நாடினர். அமெரிக்க மிஷன் சங்கத்தின் காரியதரிசி அண்டர்சன் ஐயர் 1855-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து விசாரித்தார். மிஷன் பொருள் மிஷன் நோக்கத்திற்கே செலவாதல் வேண்டும், சபை ஊழியர்க்குத் தாய்மொழிக் கல்வியே போதும் என்பது அவர் கொள்கை. அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. அது நடந்த காலம் 32 ஆண்டுகளே.

1857-ஆம் ஆண்டிலே சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டது. அதன் முதற் பி. ஏ. பரீட்சையில் தேறியோர் இருவர்: ஒருவர் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் பட்டயம் பெறாத அச்செமினரியிற் பயின்றவரே.

தாமோதரம்பிள்ளை சர்க்கார் உத்தியோகமும், பின்பு புதுக்கோட்டையில் நியாயாதிபதி பதவியும் வகித்தார். அதனோடு அவர் அமைந்தாரில்லை. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, வீரசோழியத்தை 1881-லும் கலித்தொகையை 1887-லும் பதிப்பித்தார். விசுவநாதபிள்ளை பீசகணித நூலைத் தமிழிற் செய்தார். இவ்விருவரும் பின்னாளிற் சைவராயினர். சதாசிவம்பிள்ளையோ கிறிஸ்தவராகவே நின்று, உதயதாரகைப் பத்திரிகையை நடத்தி, 1886-இல் பாவலர் சரித்திர தீபகம் என்னும் நூலை வெளியிட்டார். ஒரு கலாசாலையிற் பயின்று இரு நெறியிற் சென்ற இவர்கள் அனைவர்க்கும் தமிழுலகம் கடப்பாடுடையது.

செமினரியை மூடியோரைப் பழித்தல் எம் கருத்தன்று. பிறர் நல்கிய பொருளுக்கு அவர் கணக்குக் காட்டவேண்டியவர். ஆயினும் கல்வியின் பலன் ஆண்டுக் கணக்கில் அடங்குவதன்று என்பதை இவ்வரலாறு தெளிவாக்குகின்றது. யாழ்ப்பாணத்தாரும் அதனை உணர்ந்தனர். அவர்தம் வேண்டுகோளாலும் முயற்சியாலும் 1872-ஆம் ஆண்டில் அவ்வட்டுக்கோட்டையிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

மாணாக்கரே, உத்தியோகம் வேண்டிக் கற்றல் குற்றமன்று. தாமோதரம்பிள்ளையும் உத்தியோகம் பெற்றவரே. அது கிடைத்தபின் ஏட்டைக் கட்டிவைத்தலே குற்றம். நாம் பெறும் பட்டம் நம் கலாசாலைக்குச் சிறப்பளிப்பதினும், நாம் பின்னர்ச் செய்யும் தொண்டே அதற்குச் சிறப்பளிக்கும் என்பதை மனத்துட்கொண்டு பயில்வோமாக.