ஒரு குழாய், இரண்டு பரிவுகள்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம்
அலகு: அலைகளும் ஒலியும்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• பரிவு என்பதை அன்றாட உபகரணமொன்றைக் கொண்டு விளக்குவதற்கும்,
• கதி, மீடிறன், அலைநீளம் ஆகியவற்றுக்கிடையிலான தொடர்பைப் பிரயோகிப்பதற்கும்,
• வேண்டிய பரிவையும் வேண்டாத பரிவையும் வேறுபடுத்தி, வேண்டாததை அடக்கும் வழிகளை முன்மொழிவதற்கும் ஆற்றல் பெறுவீர்கள்.

1. பிரச்சினை

மாணவர் குழுவொன்று செயற்றிட்டத்துக்காக ஒட்டுப்பலகையால் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியைச் செய்ததாகக் கொள்வோம். பெட்டியின் உள் அளவுகள் 25 செ.மீ., 30 செ.மீ., 40 செ.மீ. ஆகும். முகப்பில் ஒலிபெருக்கியும் அதற்குக் கீழே 7 செ.மீ. உள்விட்டமும் 12 செ.மீ. நீளமும் உடைய பீ.வி.சீ. குழாய்த் துண்டொன்றும் பொருத்தப்பட்டன. இத்தகைய குழாயை இப்பாடத்தில் வளிக்குழாய் என அழைப்போம்.

பாடல் ஒலித்தபோது தவிலின் தாழ்ந்த ஒலி நன்றாகக் கேட்டது. ஆனால் அறிவிப்பாளரின் குரல் மூக்கால் பேசுவது போலிருந்தது. சில சொற்கள் விளங்கவில்லை. எனவே மாணவர்கள் குழாயினுள் துணியை இறுக அடைத்தார்கள். குரல் தெளிவடைந்தது. ஆனால் தவிலின் முழக்கமும் போய்விட்டது.

அவர்கள் எங்கே தவறினார்கள்? ஒரே குழாயில் இரண்டு பரிவுகள் இருந்தன. ஒன்றை அடக்க முயன்று இரண்டையும் அடக்கிவிட்டார்கள். பலகையை மீண்டும் வெட்டுவதற்கு முன்னர், எது எந்தப் பரிவு எனக் கணித்து அறிந்திருந்தால் இந்நிலை ஏற்பட்டிராது.

2. மீட்டல்

ஒவ்வொரு பொருளும் தன்னிச்சையாக அதிரும்போது குறித்த ஒரு மீடிறனில் அதிரும். அது அதன் இயற்கை மீடிறன் எனப்படும். வெளியிலிருந்து அளிக்கப்படும் அதிர்வின் மீடிறன் இயற்கை மீடிறனுக்குச் சமமாகும்போது அப்பொருள் பெரிய வீச்சத்துடன் அதிரும். இத்தோற்றப்பாடே பரிவு ஆகும். ஊஞ்சலை அது திரும்பி வரும் தருணம் பார்த்துத் தள்ளும்போது, சிறிய விசையாலும் பெரிய ஆட்டம் பெறப்படுவது இதற்கு எளிய உதாரணமாகும்.

ஒலி வளியில் நெட்டாங்கு அலையாகச் செல்லும். கணிப்புகளுக்குப் பின்வரும் சமன்பாடு பயன்படும்.

கதி = மீடிறன் × அலைநீளம்

இப்பாடத்தில் வளியில் ஒலியின் கதி செக்கனுக்கு 340 மீற்றர் எனக் கொள்ளப்படும்.

3. முதலாம் பரிவு: வேண்டியது

வெறும் போத்தலின் வாய்க்குக் குறுக்கே ஊதினால் தாழ்ந்த ஒலி எழும். போத்தலின் கழுத்திலுள்ள வளி ஒரு திணிவு போலவும், வயிற்றிலுள்ள வளி ஒரு வில் போலவும் தொழிற்படுகின்றன. கழுத்து வளி உள்ளே தள்ளப்பட்டால் வயிற்றிலுள்ள வளி நெருக்கப்பட்டு அதனை வெளியே தள்ளும். வெளியேறினால் அமுக்கம் குறைந்து அது மீண்டும் உள்ளே இழுக்கப்படும். இவ்வகைப் பரிவை ஆராய்ந்த ஜேர்மனிய விஞ்ஞானி ஹேர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் (1821 – 1894) ஆவார். அதனால் இது ஹெல்ம்ஹோல்ட்ஸ் பரிவு எனப்படும்.

ஒலிபெருக்கிப் பெட்டியும் ஒரு போத்தலே. வளிக்குழாய் அதன் கழுத்து. ஒலிபெருக்கியின் பின்புறத்தில் வீணாகும் ஒலிச் சத்தியை இப்பரிவின் மூலம் பயன்படுத்தித் தாழ்ந்த ஒலியை வலுப்படுத்தலாம். இம்முறைக்கு ஐக்கிய அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அல்பேர்ட் துராஸ் 1930 இல் விண்ணப்பித்து, 1932 இல் காப்புரிமை பெற்றார்.

மீடிறனைக் காணும் முறை:

மீடிறன் = (ஒலியின் கதி ÷ 6.28) × √[குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு ÷ (பெட்டியின் கனவளவு × குழாயின் நிகர நீளம்)]

நிகர நீளம் என்றால் என்ன? குழாயின் வாயருகே உள்ள வளியும் குழாய் வளியுடன் சேர்ந்து அசையும். எனவே குழாய் உண்மையில் இருப்பதைவிடச் சற்று நீண்டதாகத் தொழிற்படும். இக்கூடுதல் முனைத்திருத்தம் எனப்படும். ஒரு முனை பெட்டியின் முகப்புடன் மட்டமாகவும் மற்றைய முனை பெட்டியினுள் தனித்தும் இருப்பின், இரு முனைகளுக்குமான மொத்தத் திருத்தம் ஆரையின் ஏறத்தாழ 1.46 மடங்காகும்.

உதாரணம் 1
குழாயின் ஆரை = 3.5 செ.மீ.
முனைத்திருத்தம் = 1.46 × 3.5 = ஏறத்தாழ 5 செ.மீ.
நிகர நீளம் = 12 + 5 = 17 செ.மீ. = 0.17 மீற்றர்
பரப்பு = 22/7 × 3.5 × 3.5 = 38.5 சதுர செ.மீ. = 0.00385 சதுர மீற்றர்
கனவளவு = 25 × 30 × 40 = 30 000 கன செ.மீ. = 0.030 கன மீற்றர்
0.00385 ÷ (0.030 × 0.17) = 0.755
0.755 இன் வர்க்கமூலம் = 0.87
மீடிறன் = (340 ÷ 6.28) × 0.87 = ஏறத்தாழ 47 ஹேட்ஸ்

(ஒலிபெருக்கியும் குழாயும் பெட்டியினுள் பிடிக்கும் இடம் இங்கு புறக்கணிக்கப்பட்டுள்ளது.)

47 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் 340 ÷ 47 = 7.2 மீற்றர் ஆகும். 17 செ.மீ. குழாயுடன் ஒப்பிட இது மிகப் பெரியது. ஆகவே குழாயிலுள்ள வளி முழுவதும் ஓர் அடைப்பான் போல ஒன்றாக முன்னும் பின்னும் அசைகின்றது.

4. இரண்டாம் பரிவு: வேண்டாதது

அதே குழாய் புல்லாங்குழல் போலவும் தொழிற்படலாம். இரு முனைகளும் திறந்த குழாயினுள் அரை அலைநீளம் சரியாகப் பொருந்தும்போது நின்ற அலை தோன்றும். முனைகளில் வளித்துணிக்கைகளின் அசைவு உயர்வு. அமுக்க மாற்றம் மிகக் குறைவு. நடுவில் அசைவு மிகக் குறைவு. அமுக்க மாற்றம் உயர்வு. இந்த இடவேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள். அடக்கும் வழி இதிலேயே தங்கியுள்ளது.

உதாரணம் 2
அலைநீளம் = 2 × 0.17 = 0.34 மீற்றர்
மீடிறன் = 340 ÷ 0.34 = 1000 ஹேட்ஸ்

இதன் இரு மடங்கான 2000 ஹேட்ஸிலும் நின்ற அலை தோன்றும். தொலைபேசியில் பேச்சுக்கென வழமையாக ஒதுக்கப்பட்ட மீடிறன் வீச்சு 300 தொடக்கம் 3400 ஹேட்ஸ் வரையாகும். 1000 உம் 2000 உம் அதனுள் அடங்குகின்றன. அறிவிப்பாளரின் குரல் கெட்டதற்கும் தவிலின் ஒலி கெடாததற்கும் காரணம் இதுவே.

ஒப்பீடு
• முதலாம் பரிவு: பெட்டி வளியும் குழாய் வளியும் சேர்ந்து உண்டாக்குவது, 47 ஹேட்ஸ், பெட்டியின் கனவளவில் தங்கியுள்ளது, பேணப்பட வேண்டியது.
• இரண்டாம் பரிவு: குழாய் வளி மாத்திரம் உண்டாக்குவது, 1000 ஹேட்ஸ், குழாயின் நீளத்தில் தங்கியுள்ளது, அடக்கப்பட வேண்டியது.

5. செயற்பாடு: இரு பரிவுகளையும் இனங்காணல்

தேவையானவை: வளிக்குழாயுடன் கூடிய ஒலிபெருக்கிப் பெட்டி, மின்கலத்தால் இயங்கும் சிறிய விரியலாக்கி, தனிச்சுரம் பிறப்பிக்கும் செயலி உள்ள கைத்தொலைபேசி, மெல்லிய கடதாசிக் கீலம், கைக்குட்டை.

(அ) ஒலியைக் குறைவாக வைத்து, மீடிறனை 30 ஹேட்ஸிலிருந்து 80 ஹேட்ஸ் வரை சிறிது சிறிதாகக் கூட்டுக. கடதாசிக் கீலத்தைக் குழாயின் வாய்க்கு முன்னால் பிடித்திருங்கள். கீலம் மிகவும் துடிக்கும் மீடிறனே முதலாம் பரிவு. அவ்வேளையில் ஒலிபெருக்கியின் கூம்பு மிகக் குறைவாகவே அசைவதையும் அவதானிக்க.

(ஆ) இப்போது 500 ஹேட்ஸிலிருந்து 2000 ஹேட்ஸ் வரை கூட்டுக. ஒலி திடீரென உரத்துக் கேட்கும் மீடிறனைக் குறித்துக்கொள்க. அம்மீடிறனில் குழாயின் வாயைக் கைக்குட்டையால் அடைக்க. ஒலி தெளிவாகக் குறைந்தால் குற்றம் குழாயினுடையது. குறையாவிடின் காரணத்தைப் பலகையின் அதிர்விலோ பெட்டியினுள் தோன்றும் நின்ற அலையிலோ தேட வேண்டும்.

கவனிக்க: உரத்த தனிச்சுரத்தை நீண்ட நேரம் ஒலிக்க விட வேண்டாம். செவிக்கும் ஒலிபெருக்கிக்கும் தீங்கு ஏற்படலாம்.

6. வேண்டாத பரிவை அடக்கும் வழிகள்

(i) குழாயின் வாயைப் பெட்டியின் பின்புறத்துக்கு மாற்றுதல். 1000 ஹேட்ஸ் ஒலி கேட்போரை நேரடியாக அடைவது குறையும். 47 ஹேட்ஸ் ஒலியோ அலைநீளம் பெரிதாகையால் எல்லாத் திசைகளிலும் பரவும், அதற்கு இழப்பில்லை. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கலாகாது.

(ii) உள்ளே உறிஞ்சும் பொருள் ஒட்டுதல். ஒலிபெருக்கியின் பின்புறச் சுவரிலும் பக்கச் சுவர்களிலும் நுரைப்பஞ்சு அல்லது கம்பளி ஒட்டினால் உயர் மீடிறன் ஒலி குழாயை அடையுமுன்னரே வலுக்குறையும். குழாயின் உள்வாயை மறைக்காமல் விட வேண்டும்.

(iii) குழாயின் உள்வாயைப் பெட்டி உயரத்தின் நடுவில் அமைத்தல். 40 செ.மீ. உயரத்தில் பெட்டியும் தனக்கென ஒரு நின்ற அலையைக் கொண்டிருக்கும். அதன் மீடிறன் 340 ÷ 0.80 = 425 ஹேட்ஸ். மூடிய சுவர்களிடையே அமுக்க மாற்றம் நடுவில் மிகக் குறைவாகையால், அங்கே அமைந்த வாயினூடாக இவ்வொலி வெளியேறுவது குறையும்.

(iv) குழாயின் நடுவில் சிறு துளைகள் இடுதல். இரண்டாம் பரிவின் அமுக்க மாற்றம் நடுவிலேயே உயர்வு எனக் கண்டோம். பெட்டியினுள் இருக்கும் குழாயின் நடுப்பகுதியில் சில சிறு துளைகளை இட்டு, தடித்த கம்பளித் துணியால் சுற்றினால் அவ்விடத்தில் சத்தி இழக்கப்படும். முதலாம் பரிவு சிறிதளவே மாறும். செயற்பாடு (அ) இனை மீண்டும் செய்து சரிபார்க்க.

(v) ஒலிபெருக்கிக்குத் தாழ்ந்த மீடிறன்களை மாத்திரம் வழங்குதல். பேச்சொலிக்கு வேறு ஒலிபெருக்கி இருப்பின், தாழ்ந்த ஒலிக்கான ஒலிபெருக்கியுடன் தொடராகக் கம்பிச் சுருளொன்றை இணைத்து உயர் மீடிறன் மின்னோட்டத்தைத் தடுக்கலாம். தூண்டப்படாத பரிவு ஒலிக்காது.

துணி அடைப்பது ஏன் தவறு? முதலாம் பரிவின்போது குழாயின் முழு நீளத்திலும் வளி வேகமாக அசைகின்றது. துணி அந்த அசைவையே தடுக்கின்றது. பெட்டி ஏறத்தாழ மூடிய பெட்டியாகிவிடுகின்றது.

இன்னொரு குற்றமும் உண்டு. உரத்து ஒலிக்கும்போது குழாய் வாயில் "புஸ்" என்ற இரைச்சல் எழலாம். இது பரிவன்று. வேகமாகச் செல்லும் வளி வாயின் கூர் விளிம்பில் சுழிப்பதால் எழுவது. விளிம்பை எக்காளத்தின் வாய் போல விரித்து வளைத்தால் இது குறையும். குழாயின் விட்டத்தைக் கூட்டினாலும் குறையும். ஆனால் விட்டத்தை இரு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். 47 ஹேட்ஸைப் பேண நிகர நீளமும் நான்கு மடங்காக, அதாவது 68 செ.மீ. ஆக வேண்டும். அப்போது இரண்டாம் பரிவு 340 ÷ 1.36 = 250 ஹேட்ஸுக்கு இறங்கிவிடும். 40 செ.மீ. பெட்டியில் அத்தகைய குழாயை நேராக வைக்கவும் இயலாது. ஒரு குற்றத்தைத் திருத்துமுன் மற்றையதைக் கணித்துப் பார்ப்பது அவசியம்.

7. விடையெழுதும்போது கவனிக்க

• குழாயின் உள்முனை பெட்டிக்குள் இருப்பதால் அது மூடிய முனை என எண்ண வேண்டாம். அது குழாயைவிட மிக அகன்ற இடத்தில் திறப்பதால் திறந்த முனையாகவே தொழிற்படும்.
• செ.மீ. ஐ மீற்றராக மாற்றிய பின்னரே பிரதியிடுக.
• வளி வெப்பமாகும்போது ஒலியின் கதி கூடும். 30 பாகை செல்சியஸில் செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர். எனினும் வினாவில் தரப்பட்ட பெறுமானத்தையே பயன்படுத்துக.
• "பரிவு என்றால் உரத்த ஒலி" என எழுதுவது போதாது. மீடிறன்கள் சமமாதல், வீச்சம் பெரிதாதல் ஆகிய இரண்டையும் குறிப்பிடுக.

8. பயிற்சி வினாக்கள்

1. நிகர நீளம் 20 செ.மீ. உடைய, இரு முனையும் திறந்த குழாயின் மிகக் குறைந்த பரிவு மீடிறன் யாது?
(1) 425 ஹேட்ஸ் (2) 850 ஹேட்ஸ் (3) 1700 ஹேட்ஸ் (4) 3400 ஹேட்ஸ்

2. குழாயின் நடுவில் இடப்பட்ட துளைகள் 1000 ஹேட்ஸ் பரிவை அடக்குவதற்குக் காரணம், அவ்விடத்தில்
(1) வளியின் அசைவு உயர்வாக இருத்தல் (2) அமுக்க மாற்றம் உயர்வாக இருத்தல் (3) வெப்பநிலை குறைவாக இருத்தல் (4) ஒலியின் கதி குறைவாக இருத்தல்

3. உதாரணம் 1 இலுள்ள பெட்டியில் குழாயின் நிகர நீளம் அரைவாசியாக்கப்படுகின்றது.
(அ) இரண்டாம் பரிவின் புதிய மீடிறன் யாது?
(ஆ) முதலாம் பரிவின் புதிய மீடிறன் யாது? (√2 = 1.41)
(இ) இம்மாற்றம் தவிலின் தாழ்ந்த ஒலிக்கு உகந்ததா? காரணம் தருக.

விடைகள்

1. (2)
2. (2)
3. (அ) அலைநீளம் 0.17 மீற்றர், மீடிறன் 340 ÷ 0.17 = 2000 ஹேட்ஸ். (ஆ) நீளம் வர்க்கமூலத்தின் கீழ், பகுதியில் இருப்பதால் மீடிறன் √2 மடங்காகும். 47 × 1.41 = ஏறத்தாழ 66 ஹேட்ஸ். (இ) உகந்ததன்று. வலுப்படுத்தப்படும் மீடிறன் 47 இலிருந்து 66 ஹேட்ஸுக்கு உயர்வதால் அதற்குக் கீழான ஒலிகள் வலுவிழக்கும்.