லயத்தைக் காலி செய்யும் முன்

மூணாறு மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு லயத்தில் ஓர் அம்மா குடியிருந்தார். கொழுந்து எடுப்பது அவர் வேலை. இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. லயம் கம்பெனி வீடு. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம்.

எல்லாச் சாமானையும் கொண்டுபோக முடியாது. லாரி வாடகை அதிகம். போகிற வீடும் சின்னது.

ஒரு நாள் பழைய சாமான் வியாபாரி வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் தருகிறேன், அம்மா. இப்போதே ஏற்றிக்கொள்கிறேன்" என்றார்.

அம்மா சரி என்று சொல்லப் போனார். அப்போது பித்தளை அண்டா கண்ணில் பட்டது. அது அவருடைய தாய் கொடுத்த சீர்.

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாங்க, தம்பி" என்றார்.

அவர் போனதும், எழுத்தறிவு வகுப்பு நோட்டை எடுத்தார்.

பட்டியல் போட்டார்

ஒரு பக்கத்தில் 'கொண்டுபோக' என்று எழுதினார். மறு பக்கத்தில் 'விற்க' என்று எழுதினார். ஒவ்வொரு சாமானாகப் பார்த்து எழுதினார்.

டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியில் பி.எஃப். சீட்டு இருந்தது! பெட்டியோடு போயிருந்தால் எவ்வளவு அலைச்சல்! பழைய செல்போனில் இருந்த சிம் கார்டைக் கழற்றினார். அதில் இருந்த படங்களை மகள் அழித்துக் கொடுத்தாள்.

கேஸ் சிலிண்டரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் பொருள். அதை விற்கக் கூடாது. ஏஜென்சியில் ஒப்படைத்தால், கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்கும்.

விலை விசாரித்தார்

பாலக்காட்டு எல்லையில் இருப்பவர்களுக்குப் பொள்ளாச்சி வியாழக்கிழமைச் சந்தை தெரியும். சந்தைக்குப் போகிறவர் முதல் கடையிலேயே விலை முடிக்க மாட்டார். நாலு இடம் கேட்பார். விற்பவருக்கும் அதே வழிதான்.

அம்மா டவுனில் இரண்டு கடைகளில் கேட்டார். ஒரு கடையில் பழைய பித்தளை கிலோ 400 ரூபாய். அடுத்த கடையில் 420 ரூபாய். அண்டா 6 கிலோ. 6 x 420 = 2,520. அண்டாவுக்கே இவ்வளவு! எல்லாவற்றுக்கும் சேர்த்து 3,000 ரூபாயா?

அண்டாவை 'கொண்டுபோக' பக்கத்தில் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை

இங்கிலாந்தில் மக்கள் வேண்டாத சாமானைக் காரில் ஏற்றி மைதானத்துக்கு வருவார்கள். காரின் பின்கதவைத் திறந்து வைத்து விற்பார்கள். அம்மாவுக்குக் கார் எதற்கு? லயத்து வாசல் போதும்.

சம்பளம் போட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அது. தோட்டத்துக்கு விடுமுறை. எல்லோர் கையிலும் பணம் இருந்தது.

சாமானைத் துடைத்து வாசலில் வைத்தார். தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டு ஓட்டிக் காட்டினார். சீட்டில் விலை எழுதி ஒட்டினார். எது வரை குறைக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டார். சில்லறையும் மாற்றி வைத்திருந்தார்.

"கட்டில் நல்லா இருக்குமா, அக்கா?" என்று அடுத்த லயத்துப் பெண் கேட்டாள்.

"ஒரு கால் ஆணி அடிச்சது. பார்த்து வாங்கிக்கோ" என்றார் அம்மா. குறையைச் சொன்னதால் நம்பிக்கை வந்தது. கட்டிலும் விற்றது. பணத்தை எண்ணி வாங்கிய பிறகே சாமானைக் கொடுத்தார்.

சாயங்காலம் வியாபாரி வந்தார். மீதி இருந்தது பழைய இரும்பும் காகிதமும். அம்மா தராசைப் பார்த்தார். அரசு முத்திரை இருந்தது. தட்டு காலியாக இருந்தபோது சைபர் காட்டியது. "இப்போ நிறுங்க, தம்பி" என்றார்.

அம்மாவின் கணக்கு:

தையல் மிஷின் – 2,000 ரூபாய்
கட்டில் – 1,500 ரூபாய்
அலமாரி – 800 ரூபாய்
நாற்காலி இரண்டு – 300 ரூபாய்
இரும்பு, காகிதம் – 350 ரூபாய்
மொத்தம் – 4,950 ரூபாய்

லாரி கிளம்பியது. அண்டா அம்மாவின் மடியருகே இருந்தது. நோட்டு அண்டாவுக்குள் இருந்தது.

கணக்குப் போடுங்கள்

1. வியாபாரி முதலில் சொன்ன விலையை விட எவ்வளவு அதிகம் கிடைத்தது?
2. 4 கிலோ பித்தளை, கிலோ 420 ரூபாய் என்றால் மொத்தம் எவ்வளவு?

பேசுங்கள்

உங்கள் வீட்டில் பயன்படாத சாமான் என்ன இருக்கிறது? விற்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? பட்டியல் எழுதுங்கள்.