தண்ணீர்ப் பம்பியில் மின்னொழுக்கு: பூட்டுமுன் பார்க்க வேண்டியவை

இடம்பெயரும்போது நெல்மூடை, பாத்திரங்களோடு தண்ணீர்ப் பம்பியையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் சென்றவர்கள் பலர். கொட்டிலின் மூலையில் மழையில் நனைந்து, எலி கடித்துக் கிடந்த அதே பம்பிதான் காணிக்குத் திரும்பியதும் முதலில் கிணற்றடிக்குப் போகிறது. சுற்றினால் நல்லது என்று எண்ணிவிடுகிறோம். மின் ஒழுகும் மோட்டரும் நன்றாகச் சுற்றும், தண்ணீரும் இறைக்கும்.

மோட்டரின் கம்பிச் சுருளுக்கும் இரும்பு உடலுக்கும் இடையிலுள்ள காவலி ஈரத்தால் கெட்டால், மின்சாரம் உடலுக்கு வந்துவிடும். ஈரமண்ணில் வெறுங்காலுடன் நின்று தொடுபவர் வழியாக அது நிலத்துக்குப் பாயும். 40 வாட் குமிழ் எரிய ஏறத்தாழ 170 மில்லி அம்பியர் வேண்டும். அதில் பத்திலொரு பங்கு கையூடாகப் பாய்ந்தாலே, பிடித்த பிடியை விட முடியாமற் போகலாம். 13 அம்பியர் பியூஸ் இவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்கு எரியாது.

“புறங்கையால் தட்டிப் பார்த்தால் தெரியும்” என்பார்கள். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உலர்ந்த செருப்புடன் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது; தண்ணீர் மாறிவிட்டு நனைந்த காலுடன் வரும் பிள்ளையை அதே பம்பி கொன்றுவிடும். டெஸ்டர் குமிழ் ஒளிராததையும் நம்ப வேண்டாம்.

ஆளியை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்றிவிட்டுப் பாருங்கள். வயரை முழு நீளத்துக்கும் கண்ணால் பார்க்க வேண்டும். வெடிப்பு, எலிக்கடி, நாடா சுற்றிய மூட்டு இருந்தால் புதுவயர் போடுங்கள். இரண்டு கம்பி மட்டுமுள்ள வயரில் எர்த் கிடையாது; அது இரும்புப் பம்பிக்கு உதவாது. பிளக்கின் எர்த் முள்ளுக்கும் பம்பியின் உடலுக்கும் இடையே மீற்றரால் அளந்தால், தடை ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும்.

காவலியைச் சோதிக்கச் சாதாரண மீற்றர் போதாது. அதன் பற்றரி சில வோல்ட்டே கொடுக்கும். எமது வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். மின்வேலை தெரிந்தவரிடம் 500 வோல்ட் மெகர் இருக்கும். அவரைக்கொண்டு அளப்பியுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் பம்பியைப் பூட்ட வேண்டாம். வளவிலுள்ள எர்த் கம்பியையும் அவரே பார்க்கட்டும். ஆளில்லாத காலத்தில் செப்புக்காக அறுத்துப் போயிருக்கலாம்.

மின்பலகையில் 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் இருக்கிறதா? மாதமொருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். ஆனால் இது சுவிட்சை மட்டுமே சோதிக்கும், எர்த்தை அல்ல. அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றி நேராக இணைப்பவர்களும் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு சுவிட்சைத் தூக்குங்கள். நின்றால், ஒவ்வொன்றாகப் பூட்டுங்கள். எதைப் பூட்டும்போது விழுகிறதோ அதில்தான் பெரும்பாலும் ஒழுக்கு இருக்கும். ஒன்றும் பூட்டாமலே விழுந்தால் பழுது வீட்டு வயரிங்கில் இருக்கலாம்.

நனைந்த மோட்டரை மின்வேலை தெரிந்தவர் மூடி கழற்றி, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தி மறுபடி அளந்தால், அளவு ஏறக்கூடும். ஏறாவிட்டால் சுருள் மாற்ற வேண்டியதுதான். அதுவரை நாற்றுமேடைக்கு வாளியால் அள்ளி ஊற்றலாம்.