ஒரு சோறு பதம்



“ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது நாம் அறிந்த பழமொழி. இது அடுக்களைக்கு மட்டுமன்று, கருவிகள் செய்வோருக்கும் பொருந்தும். எதையும் முழு அளவில் செய்யுமுன் சிறு மாதிரி ஒன்றைச் செய்து சோதிக்க வேண்டும்.

எங்கள் ஊர் மரக்காணம். அதற்குத் தெற்கே ஆரோவில்லில் 1997-இல் கட்டப்பட்ட சூரியச் சமையலறை உள்ளது. அதன் கூரைமேல் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் ஒன்று வானத்தை நோக்கி அமைந்திருக்கிறது. உட்புறம் முழுவதும் கண்ணாடித் துண்டுகள். கிண்ணம் அசையாது, வெப்பத்தை ஏற்கும் உருளைதான் சூரியனைப் பின்பற்றி நகரும். அவ்வெப்பத்தால் உண்டாகும் நீராவியில் சோறு வேகும்படி அது அமைக்கப்பட்டது. இவ்வளவு பெரிய கிண்ணத்தை அவர்கள் எடுத்த எடுப்பில் கட்டவில்லை. அதற்கு முன் சிறிய கிண்ணம் ஒன்றைக் கட்டிச் சோதித்தார்கள்.

இதை அறியாமல் நானும் என் தங்கையும் அறிவியல் கண்காட்சிக்காகப் பெரிய மூங்கில் கூடை ஒன்றில் கண்ணாடித் துண்டுகளை ஒட்டினோம். குழியாடியின் குவியம் வளைவு ஆரத்தில் பாதித் தூரத்தில் அமையும் என்று படித்திருந்தோம். அந்த இடத்தில் சிறு டப்பாவைத் தொங்கவிட்டோம். சோதித்துப் பார்க்கவில்லை. நடுவர்கள் காத்திருந்தார்கள், தண்ணீர் சுடவேயில்லை. கண்ணாடி வாங்கியது அப்பாவின் உப்பளக் கூலியில். அவர் கடிந்துகொள்ளவில்லை. “பாத்தியிலே தண்ணி விடுறதுக்கு முன்னே நாங்க பதம் பார்ப்போம். நீங்க பார்த்தீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பளபளப்பான எவர்சில்வர் கிண்ணத்தை வெயிலில் வைத்து, அதற்குள் ஊதுபத்திப் புகையைப் படரவிட்டோம். ஒளி ஒரு புள்ளியில் கூடவில்லை. ஒரு கோடாக நீண்டிருந்தது! ஆழமான கிண்ணத்தில் விளிம்பருகே படும் கதிர்கள் ஆடிக்கு இன்னும் அருகில் கூடுகின்றன என்று அறிவியல் ஆசிரியை விளக்கினார். சூரியன் நகர நகர, அக்கோடும் சாய்ந்தது. ஆரோவில்லில் நீண்ட உருளை வைத்ததும், அதை நகரச் செய்ததும் ஏனென்று அப்போதுதான் புரிந்தது. கரி பூசிய நீளமான டப்பாவை வெயிலின் திசைக்கேற்பச் சாய்த்துக் கட்டினோம். அன்று நண்பகல் அத்தண்ணீரில் விரல் வைக்க முடியவில்லை.

ஓர் ஊதுபத்தி முன்னரே சொல்லியிருக்கக் கூடியதை ஒரு கூடைக் கண்ணாடியைச் செலவிட்டுக் கற்றோம். தவறு சிறு மாதிரியில் தெரிந்தால் திருத்தம். பெரிய கருவியில் தெரிந்தால் நட்டம். பொதுத்தேர்வுக்கு முன் நமக்கு மாதிரித் தேர்வு வைப்பதும் இதற்காகத்தானே, தோழியரே!

— பத்தாம் வகுப்பு மாணவி