இரண்டு பகடை, ஒரு மாவீரன்!

மழை நாள். வெளியே போய் விளையாட முடியாது. வீட்டில் நீங்களும் இரண்டு நண்பர்களும். கையில் இரண்டு பகடை, காகிதம், பென்சில், ஆறு புளியங்கொட்டை. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நகரத்தையே காப்பாற்ற முடியுமா?

முடியும்! அதற்கு வழி சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

இந்த ஆட்டத்தில் பலகை இல்லை, காய் இல்லை. ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் கதையில் வரும் வீரர்கள். கதைசொல்லி ஒரு நிலைமையை விவரித்துவிட்டு, "இப்போது நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்பார். வீரர் தன் பதிலைச் சொல்வார். அது பலிக்குமா பலிக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். இதில் நீங்கள் உங்கள் நண்பரைத் தோற்கடிப்பதில்லை. எல்லோரும் சேர்ந்து ஜெயிக்கிறீர்கள், அல்லது சேர்ந்து தோற்கிறீர்கள்.

எங்கிருந்து வந்தது?

1824-இல் பிரஷ்ய நாட்டு ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் ஒரு போர்ப் பயிற்சி ஆட்டத்தை வெளியிட்டார். வரைபடத்தின் மேல் படைகளை நகர்த்த வேண்டும். நடுவர் ஒருவர் பகடையை உருட்டி இழப்புகளைக் கணக்கிடுவார். பொழுதுபோக்குக்காகப் போர் ஆட்டம் ஆடியவர்கள் பின்னாளில் அமெரிக்காவில் பெருகினார்கள். படை முழுவதையும் நடத்துவதற்குப் பதிலாக, ஒரே ஒரு வீரனாக ஆடினால் என்ன என்று அவர்களில் சிலர் யோசித்தார்கள். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதையாட்டத்தை வெளியிட்டார்கள். முதலில் அச்சானவை வெறும் 1000 பிரதிகள்தாம்.

அந்த ஆட்டத்தில் வாள் வீரர்களும் மந்திரவாதிகளும் வந்தார்கள். பறக்கும் வீரர்களும் சுவரேறும் வீரர்களும் வர அதிக நாள் ஆகவில்லை. 1979-இல் வந்த 'வில்லன்ஸ் அண்ட் விஜிலான்டிஸ்' ஆட்டத்தில் ஒரு வேடிக்கை. ஆடுபவர் தம்மையே வீரராக வைத்துக்கொள்ளலாம்! 'எனக்கே திடீரென்று ஒரு சக்தி வந்துவிட்டால்?' என்பதுதான் அதன் கேள்வி. 1981-இல் வந்த 'சாம்பியன்ஸ்' ஆட்டத்தில் புள்ளிகளைச் செலவழித்துச் சக்திகளை வாங்க வேண்டும். புள்ளி போதவில்லையா? ஏதாவது ஒரு பலவீனத்தை ஏற்றுக்கொண்டால் கூடுதல் புள்ளி கிடைக்கும். 1984-இல் ஜெஃப் கிரப் உருவாக்கிய 'மார்வெல் சூப்பர் ஹீரோஸ்' ஆட்டத்தில் நல்ல காரியம் செய்தால் 'கர்மா' என்ற புள்ளி சேரும். ஆனால் வீரன் ஓர் உயிரைப் பறித்துவிட்டால், சேர்த்த கர்மா எல்லாம் போய்விடும்!

வீரனுக்கு ஒரு பலவீனம்

எதற்காகப் பலவீனம்? எல்லாம் வல்ல வீரனின் கதையில் சுவை இருக்காது. 1938-இல் பிறந்த சூப்பர்மேனுக்குக்கூட, 1943-இல் ஒரு வானொலித் தொடரில் கிரிப்டோனைட் என்ற எதிரிக் கல் வந்து சேர்ந்தது. முத்து காமிக்ஸ் 1972-இல் தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் மறையும். ஆனால் இரும்புக்கை மட்டும் மறையாது! கதை சூடு பிடிப்பதே அந்த இடத்தில்தான்.

இப்போது உங்கள் வீரரை உருவாக்குங்கள். ஒரு காகிதத்தில் இவற்றை எழுதுங்கள்:

1. பெயர்.
2. வலிமை, வேகம், அறிவு, துணிவு ஆகிய நான்கு குணங்கள். இவற்றுக்கு 3, 2, 1, 0 என்ற எண்களை உங்கள் விருப்பப்படி பங்கிடுங்கள்.
3. ஒரு சக்தி. அது நேராகப் பயன்படும் இடத்தில் 1 கூட்டலாம்.
4. ஒரு பலவீனம். அது குறுக்கிடும் இடத்தில் 2 கழிக்க வேண்டும்.

இனி விதி. இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டுங்கள். (லூடோ ஆடும் ஆறு முகப் பகடை வேண்டும். தாயக்கட்டைக்கு முகங்கள் போதாது.) செய்யும் வேலைக்கு ஏற்ற குணத்தின் எண்ணை அதோடு சேருங்கள். நண்பர் உதவினால் இன்னும் 1. எளிய வேலைக்கு மொத்தம் 6 வேண்டும். நடுத்தர வேலைக்கு 8, கடினமான வேலைக்கு 10. அந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் வெற்றி.

பகடைக்குள் ஒரு கணக்கு

ஒரு பகடையை உருட்டினால் 1 முதல் 6 வரை எந்த எண்ணும் சம வாய்ப்போடு வரும். இரண்டைக் கூட்டினால் அப்படி இல்லை. முதல் பகடை 6 விதமாக விழலாம். அந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது பகடை 6 விதமாக விழலாம். ஆக மொத்தம் 36 விதங்கள். கூட்டுத்தொகை 2 வர ஒரே ஒரு வழிதான்: 1-1. ஆனால் 7 வர ஆறு வழிகள்: 1-6, 2-5, 3-4, 4-3, 5-2, 6-1. எண்ணிப் பார்த்தால் கிடைப்பது இது:

5 அல்லது அதற்கு மேல் – 36-இல் 30
6 அல்லது அதற்கு மேல் – 36-இல் 26
7 அல்லது அதற்கு மேல் – 36-இல் 21
8 அல்லது அதற்கு மேல் – 36-இல் 15
9 அல்லது அதற்கு மேல் – 36-இல் 10
10 அல்லது அதற்கு மேல் – 36-இல் 6

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பகடையில் 8 வர வேண்டிய வேலையில் வெற்றி வாய்ப்பு பாதிக்கும் குறைவு. நண்பர் ஒருவர் உதவினால் 7 போதும். உடனே வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது! பகடை எப்படி விழும் என்பது நம் கையில் இல்லை. எத்தனை எண் தேவைப்படும்படி வேலையை அமைத்துக்கொள்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

முதல் கதை: அந்தரத்தில் ஒரு வேன்

(கதைசொல்லி மட்டும் படிக்க வேண்டிய பகுதி.)

இடம், அலைநகர் என்ற கற்பனை நகரம். அங்குள்ள பெரிய காயலான் கடைத் திடலில் பழைய இரும்பைத் தூக்கும் கிரேன் ஒன்று நிற்கிறது. அதன் நுனியில் கொக்கியில் மாட்டிய மின்காந்தம். காந்தராசன் என்ற கொள்ளைக்காரன் கிரேனைக் கைப்பற்றி, வங்கிப் பணம் கொண்டுபோன வேனை அப்படியே தூக்கிவிட்டான். வேனுக்குள் ஓட்டுநரும் காவலரும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். உயரம் 10 மீட்டர். கீழே வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம்.

மின்காந்தத்துக்கு ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது. அதில் டீசல் தீரப் போகிறது. ஆறு புளியங்கொட்டைகளை நடுவில் வையுங்கள். வீரர்கள் ஒவ்வொரு முறை பகடை உருட்டியதும் ஒன்றை எடுத்துவிடுங்கள். எல்லாம் தீர்ந்தால் டீசலும் தீர்ந்தது, மின்சாரம் நின்றது, வேன் விழுந்தது! 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர்.

வீரர்கள் என்ன செய்யலாம்? கூட்டத்தை விலக்குவது எளிது (துணிவு, 6). காந்தராசனை ஏமாற்றிக் கிரேனிலிருந்து இறக்குவது நடுத்தரம் (அறிவு, 8). நெம்புகோலை இயக்கி வேனை இறக்குவதும் நடுத்தரம் (அறிவு, 8). விழும் வேனைத் தாங்குவது கடினம் (வலிமை, 10). வேறு யோசனை சொன்னால் நீங்களே ஓர் எண் வையுங்கள். வில்லனை அடித்து நொறுக்குவது இந்தக் கதையின் நோக்கமல்ல. உள்ளே இருப்பவர்கள் உயிரோடு இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வீட்டில் நடந்தால்...

மலர் அக்கா கதைசொல்லி. தம்பி கபிலனின் வீரர் 'மின்னல் பாதன்': வேகம் 3, துணிவு 2, அறிவு 1, வலிமை 0. பக்கத்து வீட்டுச் செல்வியின் வீராங்கனை 'எஃகுக்கரத்தாள்': வலிமை 3, துணிவு 2, அறிவு 1, வேகம் 0. வலக்கை எஃகால் ஆனது. பலவீனம், காந்தம்! கூட்டம் விலகிவிட்டது, காந்தராசனும் ஓடிவிட்டான். புளியங்கொட்டை மூன்று மீதம்.

மலர்: கபிலா, ஜெனரேட்டர் பக்கத்துல நிக்கிற. என்ன செய்யப் போற?

கபிலன்: சுவிட்சை நிறுத்திடறேன்!

மலர்: சரி, சுவிட்ச் மேல கை வச்சிட்ட. அண்ணாந்து பார்க்கற, மேல வேன் ஆடிட்டு இருக்கு. நிறுத்தறியா?

செல்வி: ஐயோ, இரு கபிலா! கரண்ட் நின்னா காந்தமும் போயிடும். வேன் கீழ விழுந்துடும்!

கபிலன்: ஆமாம்ல! அப்போ ஓடிப்போய் நெம்புகோலைப் பிடிச்சு வேனை மெதுவா இறக்கறேன்.

செல்வி: நான் கீழ நின்னு 'இடது, வலது'ன்னு சைகை காட்டறேன்.

மலர்: நல்ல உதவி. ஒண்ணு கூட்டிக்கோ. அறிவுக்கு ஒண்ணு. பகடையில ஆறு வந்தா போதும்.

கபிலன் உருட்டினான். 2, 3. மொத்தம் ஐந்துதான்!

கபிலன்: போச்சு! இன்னிக்கு என் ராசியே சரியில்லக்கா.

மலர்: ராசி என்னடா செய்யும்? முப்பத்தாறுல பத்து வழி தோல்விக்கு இருக்கு. அதுல ஒண்ணு வந்துடுச்சு. நெம்புகோல் துருப்பிடிச்சு நடுவுல சிக்கிடுச்சு. வேன் ஊஞ்சல் மாதிரி ஆடுது. (ஒரு புளியங்கொட்டையை எடுக்கிறாள்.) இன்னும் ரெண்டுதான்.

செல்வி: அக்கா... காந்தம் என் கையை இழுக்கும்ல? இழுக்கட்டும்! வேன் பக்கத்துல எகிறிக் குதிக்கறேன். வலக்கை காந்தத்துல ஒட்டிக்கும். இடக்கையால ஒரு சங்கிலியை வேனைச் சுத்திக் கட்டிக் கொக்கியில மாட்டிடுவேன்.

மலர்: அட! இந்த இடத்துல உன் பலவீனமே உனக்கு உதவி. கழிக்க வேண்டாம். ஆனா கடினமான வேலை, பத்து வேணும். வலிமை மூணு. கபிலன் சங்கிலியை வீசித் தந்தா ஒண்ணு. பகடையில ஆறு.

செல்வி உருட்டினாள். 4, 3. ஏழு! எல்லோரும் கை தட்டினார்கள். கடைசிப் புளியங்கொட்டையும் போய் டீசல் தீர்ந்தபோது, வேன் ஒரு சாண் இறங்கிச் சங்கிலியில் பத்திரமாகத் தொங்கியது.

கதைசொல்லி கவனிக்க

மலர் அக்கா செய்ததைக் கவனித்தீர்களா? "சுவிட்சை நிறுத்தாதே" என்று அவள் சொல்லவில்லை. வேன் மேலே தொங்குவதை மட்டும் நினைவூட்டினாள். யோசிப்பது வீரர்களின் வேலை. தோல்வி வந்தபோது கதையை நிறுத்தவும் இல்லை. நெம்புகோல் சிக்கியது, கதை வேறு வழியில் திரும்பியது. கூச்சப்பட்டுப் பேசாமல் இருக்கும் நண்பரையும், "நீ என்ன செய்கிறாய்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கட்டுரைக்குள் இல்லாத ஒரு நல்ல யோசனை அவரிடம் இருக்கலாம்.

கபிலன் சொன்ன 'ராசி'க்கு வருவோம். பகடைக்கு ஞாபகம் கிடையாது. மூன்று முறை தோற்றவருக்கும் மூன்று முறை ஜெயித்தவருக்கும் அடுத்த உருட்டலில் வாய்ப்பு ஒன்றுதான். ஒருமுறை தோற்றதால் கபிலன் ராசியில்லாதவன் ஆகிவிடுவதில்லை. ஒருமுறை வென்றதால் செல்வி அதிர்ஷ்டக்காரியும் இல்லை. இருவருமே யோசித்து, ஒருவருக்கொருவர் உதவி, தங்கள் வாய்ப்பை 36-இல் 26 ஆக உயர்த்திக்கொண்டார்கள். அவர்களால் செய்ய முடிந்தது அது. அதைச் சரியாகச் செய்தார்கள்.

செய்து பாருங்கள்

1. ஓர் இரும்பு ஆணியில் உறையிட்ட மெல்லிய செம்புக் கம்பியை 50 சுற்றுச் சுற்றுங்கள். கம்பியின் இரு முனைகளிலும் உறையை நீக்கி, டார்ச் விளக்கு பாட்டரியின் இரு முனைகளில் தொடுங்கள். ஆணி குண்டூசிகளைத் தூக்கும். கம்பியை எடுத்ததும் பெரும்பாலான ஊசிகள் விழுந்துவிடும். கம்பி சூடாகும், ஆகவே சில நொடிகளுக்கு மேல் தொட வேண்டாம். வீட்டு மின்சாரத்தில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது.

2. இரண்டு பகடைகளை 180 முறை உருட்டி, கூட்டுத்தொகையைக் குறித்துவையுங்கள். கணக்குப்படி 7 சுமார் 30 முறை வர வேண்டும். உங்களுக்கு எத்தனை முறை வந்தது? நண்பருக்கு எத்தனை?

3. பகடையில் 6 தேவைப்படும் வேலையில் கபிலன் அடுத்தடுத்து இரண்டு முறை தோற்க வாய்ப்பு எவ்வளவு? (விடை: 10/36-ஐ 10/36-ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 13-இல் ஒன்று.)

முதல் ஆட்டம் முடிந்ததும் கதைசொல்லியை மாற்றுங்கள். காந்தராசன் தப்பி ஓடிவிட்டான் அல்லவா? அவன் அடுத்து எங்கே வருவான் என்பதை உங்களில் ஒருவர்தான் சொல்ல வேண்டும்!