அருவிக்குச் செல்லும் முன்

ஆடி பிறந்துவிட்டால் நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு கிளம்பும். "கபினி நிரம்பிவிட்டதாம், இந்த ஞாயிற்றுக்கிழமை சிவனசமுத்திரம் போய் வரலாமா?" என்று ஒருவர் தொடங்குவார். "ஒகேனக்கல் போனால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமே" என்பார் இன்னொருவர். புளியோதரைக்கு அரிசி ஊறும். வாடகை வேனுக்கு ஆள் சேரும். நல்ல பழக்கந்தான். வாரம் முழுவதும் சில்க் போர்டு சந்திப்பின் புகையைச் சுவாசிக்கும் நமக்கு ஒரு நாளாவது சாரல் காற்று வேண்டாமா?

ஆனால் அருவிக்குப் போவதிலும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்கள் உண்டு. நம் உயிரைக் காப்பது முதற்பாடம். அருவியைக் காப்பது இரண்டாவது. அருவியை நம்பிப் பிழைப்பவர்களை மதிப்பது மூன்றாவது. அவற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

பெயரில் உள்ள உறவு

முதலில் சொல்லைப் பார்ப்போம். மலையிலிருந்து இறங்கும் நீரை நம் முன்னோர் 'அருவி' என்றார்கள். 'நீர்வீழ்ச்சி' பிற்காலத்துச் சொற்சேர்க்கை. குடகில் 'அப்பி' என்றாலே அருவிதான். மடிக்கேரிக்கு அருகிலுள்ள அப்பி அருவியைப் பார்த்து வந்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள்.

ஒகேனக்கல் என்ற பெயர் இன்னும் சுவையானது. தமிழில் 'ப' என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ஹ' என்று தொடங்கும். பால் 'ஹாலு' ஆகும். பூ 'ஹூ' ஆகும். அவ்வாறே நம் புகை அவர்களுக்கு 'ஹொகெ'. கல் இரு மொழிக்கும் பொது. ஹொகெனகல் என்றால் புகையும் கல். பாறைமேல் விழும் நீர் திவலையாகி எழுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தமிழ்நாட்டின் தர்மபுரி மாவட்டத்து அருவிக்குக் கன்னடப் பெயர்! எல்லைக்கோடு நாம் போட்டது. ஆறும் மொழியும் அதற்கு முன்பே கலந்து ஓடியவை.

நமக்கு விளக்கேற்றிய அருவி

பெங்களூரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில் உள்ளது சிவனசமுத்திரம். இங்கே காவிரி ஒரு தீவைச் சுற்றி இரண்டாகப் பிரிகிறது. மேற்குக் கிளை ககனசுக்கியாகவும் கிழக்குக் கிளை பரசுக்கியாகவும் விழுகின்றன. ககனசுக்கி மண்டியா மாவட்டத்திலும் பரசுக்கி சாமராஜநகர் மாவட்டத்திலும் உள்ளன. பரசுக்கி அமைந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தீவில் பள்ளிகொண்ட அரங்கனை மத்தியரங்கன் என்பார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதி, ஸ்ரீரங்கம் அந்தம்.

மைசூர் திவானாக இருந்த சர் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் இங்கு மின்நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. அவர் 1901-இல் மறைந்தார். மறு ஆண்டு, 1902-இல், இங்கிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதை நாம் மறக்க முடியாது. 1905-இல் பெங்களூர்த் தெருக்களுக்கும் மின்விளக்கு வந்தது. மின்நிலையத்துக்கு நீர் திருப்பப்படுவதாலும் கோடையில் இந்த அருவிகள் மெலிந்து காண்கின்றன. "அருவியில் தண்ணீரே இல்லை" என்று குறைப்படுவோர், அந்தத் தண்ணீரின் ஒரு பங்கு கம்பி வழியே வெளிச்சமாக வந்துவிட்டது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும்

இப்போது முதற்பாடத்துக்கு வருவோம். பல ஆண்டுகளுக்கு முன் என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காவிரிக் கரையில் ஓரிடத்தில் நாங்கள் கட்டுச்சோறு பிரித்திருந்தோம். நல்ல வெயில். வானத்தில் ஒரு மேகம் இல்லை. தங்கையின் மகனுக்கு அப்போது பதினான்கு வயது. படம் எடுக்க வேண்டும் என்று பாறை பாறையாகத் தாவி ஆற்றுக்குள் போய் நின்றான். நாங்களும் கரையிலிருந்து சிரித்துக்கொண்டு பார்த்திருந்தோம். பக்கத்தில் பரிசல் கவிழ்த்து வைத்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். "சார், பையனை மேல ஏறி வரச் சொல்லுங்க. தண்ணி கலங்குது" என்றார். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டோம். அவன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். கால் மணி நேரத்தில் அவன் நின்ற பாறையைக் காணவில்லை. இலையும் சுள்ளியும் நுரையுமாக நீர் அதன்மேல் ஓடியது. அன்று அந்தப் பெரியவர் அங்கே இல்லாதிருந்தால் என்ற நினைவு இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இதன் காரணம் எளிது. நாம் நிற்கும் இடத்து வானம் வேறு. ஆற்றுக்கு நீர் தரும் இடத்து வானம் வேறு. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழை கிருஷ்ணராஜ சாகரையும் கபினியையும் நிரப்புகிறது. அணைகள் நிரம்பினால் மதகுகள் திறக்கப்படும். இங்கே ஒரு சொட்டு மழை இல்லாமலே ஆறு உயரும். அணை இல்லாத மலையோடைகள் இதைவிடக் கடுமையானவை. செங்குத்தான சரிவில் பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயது மாணவன் ஒருவன் இறந்தான். அதே ஆண்டு ஜூன் 30 அன்று மகாராஷ்டிரத்து லோனாவாலாவில், பூஷி அணைக்கு அருகிலுள்ள அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் அடித்துச் செல்லப்பட்டனர்.

நீரின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 'வினாடிக்குப் பத்தாயிரம் கன அடி' என்று செய்தியில் படிக்கிறோம். ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். ஆக, வினாடிக்கு 2,83,000 லிட்டர். எடையில் 283 டன். ஒவ்வொரு வினாடியும் இத்தனை டன் நம் முன்னே ஓடுகிறது. நீரின் வேகம் இரு மடங்கானால் அது நம் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு நீர்தானே என்று இறங்கியவர் நடு ஆற்றில் தடுமாறுவது இதனால்தான்.

"குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நின்று குளிக்கிறோமே, இங்கே ஏன் கூடாது?" என்று கேட்பவர் உண்டு. பேரருவியின் நீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்தே கீழே வருகிறது. எல்லா அருவிக்கும் அந்தப் பள்ளம் இல்லை. தடையின்றி 20 மீட்டர் விழும் நீர் மணிக்கு சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் அடியை எட்டுகிறது. அதனுடன் ஒரு கல்லும் வரலாம். அருவி விழும் மடுவில் நீர் மேலும் கீழுமாகச் சுழலும். அதில் காற்றுக் குமிழ்கள் மிகுதி. ஆகவே உடலைத் தாங்கும் ஆற்றல் குறைவு. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அங்கே அமிழ்ந்து போகிறார். மேகதாட்டிலும் ஒகேனக்கல்லிலும் கூழாங்கற்கள் காலங்காலமாகச் சுழன்று பாறையில் குடைந்த குழிகள் உண்டு. மேலே நீர் மூடியிருந்தால் அவை கண்ணுக்குத் தெரியா.

ஆகவே மனத்தில் பதிக்க வேண்டியவை:

1. கம்பி வேலியையும் எச்சரிக்கைப் பலகையையும் தாண்டாதீர்கள். குளிக்கவும் பரிசலுக்கும் தடை என்றால், "இவ்வளவு தூரம் வந்தோமே" என்று வாதாடாதீர்கள்.

2. நீர் கலங்குதல், இலை சருகு மிதந்து வருதல், இரைச்சல் மாறுதல் ஆகியவை வெள்ளத்தின் முன்னறிவிப்புகள். கரையோரக் கல் ஒன்றை அடையாளம் வைத்து அடிக்கடி கவனியுங்கள்.

3. நீர் உயர்ந்தால் ஆற்றோடு கீழ்நோக்கி ஓடாதீர்கள். கரையின் மேட்டில் ஏறுங்கள். பொருள்களை எடுக்கத் திரும்பாதீர்கள்.

4. ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, முடிச்சிட்ட வேட்டி சேலை, மூடிய காலி கேன் எதையாவது வீசுங்கள். 112 என்ற எண்ணை அழையுங்கள். விழுந்தவர் மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதக்க முயல வேண்டும்.

5. பரிசலில் உயிர்காப்பு உடை அணியாமல் ஏறாதீர்கள். ஒருவர் கூடுதலாக ஏற்றும்படி வற்புறுத்தாதீர்கள். நடு ஆற்றில் எழுந்து நின்று படம் எடுக்க வேண்டாம்.

6. மது அருந்தியவர் நீரில் இறங்கவே கூடாது.

நாம் விட்டு வரும் மிச்சம்

இனி இரண்டாம் பாடம். சிவனசமுத்திரத்துக்குக் கீழே காவிரி வனவிலங்குச் சரணாலயக் காடுகள் வழியே ஆறு ஓடுகிறது. அங்கே யானை உண்டு, நீர்நாய் உண்டு, முதலை உண்டு. காவிரி ஆற்றமைப்பில் மட்டுமே வாழும் திமிலுடைய பெரிய மஹசீர் மீன், அழியும் நிலையின் உச்சத்தில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-இல் பட்டியலிட்டது. நாம் உடைத்துப் போடும் பாட்டில் துண்டு யானையின் காலில் ஏறுகிறது. நீலகிரியில் காலி மதுப்பாட்டில்களைத் திரும்பப் பெறும் முறையை 2022-இல் நீதிமன்றம் கொண்டுவரச் செய்தது இதற்காகத்தான். குற்றாலத்தில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்குத் தடை வந்ததும் இப்படித்தான். குரங்குக்குச் சோறு போடுவது புண்ணியம் என்று நினைக்கிறோம். அது காட்டில் இரை தேடுவதை மறந்து, அடுத்து வரும் குழந்தையின் கைப்பையைப் பறிக்கிறது.

ஆனால் உண்மையைச் சொன்னால், அருவிக்கரையில் நாம் போடும் குப்பை நம் குற்றத்தில் சிறு பங்கே. பெரிய பங்கு வீட்டிலேயே தொடங்குகிறது. 1974 முதல் பெங்களூர் காவிரியைக் குடிக்கிறது. தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம், அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றி நீர் இங்கே வருகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 220 கோடி லிட்டருக்கும் மேல் பெறத் திட்டம் உள்ளது. குடித்த நீர் எங்கே போகிறது? நகரின் மேற்குப் பகுதிக் கழிவுநீர் விருஷபாவதியில் சேர்கிறது. பசவனகுடி நந்தியின் காலடியில் பிறந்ததாக ஐதிகம் உள்ள ஆறு அது. இன்று அதன் கரையில் மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது. விருஷபாவதி அர்க்காவதியில் விழுகிறது. அர்க்காவதி சங்கமத்தில் காவிரியில் கலக்கிறது. அதற்குக் கீழே மேகதாட்டு; அதற்கும் கீழே ஒகேனக்கல்.

ஒகேனக்கல்லில் எடுக்கப்படும் நீர் 2013 முதல் குடிநீர்த் திட்டத்தின் வழியே தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குச் செல்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல்லும் எலும்பும் கெட்ட மக்களுக்காக வந்த திட்டம் அது. நாம் சாக்கடையில் ஊற்றும் மிச்ச எண்ணெய், தேவைக்கு மேல் கொட்டும் சலவைத்தூள், காலாவதியான மருந்து எல்லாம் அந்த ஆற்று வழியில்தான் போகின்றன. காவிரி என்றதும் எத்தனை கன அடி என்ற வழக்கே நம் நினைவுக்கு வருகிறது. எவ்வளவு நீர் என்று கேட்கும் நாம், எப்படிப்பட்ட நீர் என்றும் கேட்க வேண்டாமா? மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் உறவினராக உள்ள பெங்களூர்த் தமிழரைத் தவிர இதைக் கேட்க உரிமையும் கடமையும் வேறு யாருக்கு அதிகம்?

கரையில் வாழ்பவர்கள்

மூன்றாம் பாடம் சிறியது; ஆனால் எளிதில் மறந்துபோவது. பரிசல் ஓட்டுபவர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், மீன் வறுத்துத் தரும் அம்மா, இவர்களுக்கு ஆறுதான் வயல். வெள்ளம் வந்து தடை போட்டால் அவர்களுக்கு அன்று கூலி இல்லை. நியாயமான கூலியை முன்பே பேசி முகம் சுளிக்காமல் கொடுங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டால் முதலில் பழைய துணியால் துடைத்துவிட்டு, குளிப்பதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டும் குளியுங்கள். அவர்கள் "வேண்டாம்" என்றால் அது வேண்டாம்தான். அவர்களின் ஆற்றறிவு எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை. என் தங்கை மகன் இன்று இருப்பதே அதற்குச் சான்று.

புறப்படும்போது வேனில் இரண்டு சாக்குப்பைகள் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று நம் குப்பைக்கு. மற்றது யாரோ போட்ட குப்பைக்கு. வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் நம் பாட்டிமார் கண்ட வழிகள்தாம்.

சிறுவர்களுக்குச் சில கேள்விகள்

1. உங்கள் வீட்டுக் கழிவுநீர் எந்த ஓடையில் சேர்கிறது? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

2. 'ப' என்று தொடங்கும் தமிழ்ச்சொற்கள் கன்னடத்தில் 'ஹ' ஆவதற்கு இன்னும் ஐந்து எடுத்துக்காட்டுகள் தருக.

3. மழையில்லாத நாளில் ஆற்றில் வெள்ளம் வருவது எப்படி? உங்கள் சொற்களில் விளக்குக.

அடுத்த முறை ககனசுக்கியின் முன் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு விளக்கும் குடிநீரும் தந்த ஆறு அது. விருந்தினராகப் போய்வருவோம், போன இடம் தெரியாமல் திரும்பி வருவோம்.